கல்லின் மேல் விட்டுவிட்டு எரிந்த வெளிச்சம்

எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பியது இது. வானத்திலிருந்து நட்சத்திரம் விழுவதைக் கண்டுவிட்டால், உடனே பச்சையான ஏதாவதொன்றைப் பார்த்துவிட வேண்டும். இலையோ புல்லோ, ஒரு கொத்துக் கறிவேப்பிலையோ, எதுவானாலும் சரி. பிறகு, மறுநாள் விளக்கு வைக்கும் வரையில், கண்டதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. பச்சையைப் பார்க்காதவருக்குப் புத்தி மழுங்கும். வாய் திறந்தவரின் வீட்டில் ஓர் உயிர் குறையும்.

அம்மா இதை விளையாட்டாகச் சொன்னவளல்ல. அக்காவுக்கும் எனக்கும் இடையில் பிறந்த பையன் தவழத் தொடங்கும் முன்பே காய்ச்சலில் போய்விட்டான். அதற்குச் சில நாள் முன்பு, பீலியடியில் தண்ணீருக்கு நின்ற வேளையில் ஒரு நட்சத்திரம் விழுந்ததாகவும், பக்கத்தில் நின்றவளிடம் தான் கை நீட்டிக் காட்டிவிட்டதாகவும் அம்மா சொல்வாள். தோட்டத்து மருந்துச் சாலையில் அந்தக் காய்ச்சலுக்குக் கொடுத்தது ஒரு போத்தல் சிவப்புத் தண்ணீர் மட்டுமே. அந்தப் போத்தலை அவள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. தன் கையையும் வாயையும் மட்டும் குறை சொன்னாள்.

தேயிலைத் தோட்டத்து லயங்களின் வரிசை வீட்டுக் காம்பராக்களில் பிறந்து, இன்று மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டு பழைய கதை பேசும் வயதுக்கு வந்துவிட்ட உங்களுக்கு இதை எழுதுகிறேன். நம்மைப் படிக்க வைத்தவர்களைப் பற்றி நாம் நன்றியோடு நிறைய எழுதிவிட்டோம். படிக்க விடாதவர்களைப் பற்றி எழுதத் தயங்குகிறோம். அவர்களும் நம்முடைய அப்பா அம்மாவாகவே இருந்தார்கள் என்பது காரணமாக இருக்கலாம். நான் பொறுமைசாலி என்று பெயரெடுத்தவள். பொறுத்தது போதும் என்று தோன்றுகிறது.

எங்கள் தோட்டம் றக்வானைக்கு மேலே, பஸ் மூச்சு வாங்கி வாங்கி ஏறும் மலையில் இருந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தோடு பெண்பிள்ளைகளின் படிப்பு முடிந்துவிடும் காலம். அக்கா மட்டும் டவுன் பாடசாலைக்குப் போனாள். எங்கள் லயத்திலிருந்து, பதினாறு வயதில் எழுதும் சாதாரண தரப் பரீட்சைக்கு முதன்முதலாகத் தோற்றவிருந்த பெண் அவள். மார்கழி பிறப்பதற்குச் சற்று முந்திய நாட்கள் அவை. பரீட்சை அடுத்த திங்கட்கிழமை தொடங்க இருந்தது. அம்மாவுக்கு வயிற்றில் பிள்ளை. தையில் பேறு என்று சொல்லியிருந்தார்கள்.

டவுனில் நாங்கள் சாமான் வாங்கிய கடைக்காரர் ஒரு முஸ்லிம். தோட்டமே அவரை நானா என்றுதான் கூப்பிடும். பாடசாலை விட்டு வரும்போது சீனியும் கருவாடும் வாங்கி வருவது அக்காவின் வேலை. நானா பழைய பத்திரிகையில் சுற்றிக் கொடுப்பார். வீட்டுக்கு வந்ததும் அக்கா அந்தத் தாளைக் கிழியாமல் பிரித்து, ஒட்டியிருக்கும் சீனியைத் தட்டிவிட்டு, முழுவதும் வாசிப்பாள். அது நானாவுக்கும் தெரியும். "புள்ள, நீங்க சீனி வாங்க வாறதா, பேப்பர் வாங்க வாறதா?" என்று கேட்டுக்கொண்டே, சினிமாப் பக்கத்தை ஒதுக்கிவிட்டு விஷயமுள்ள பக்கமாகத் தேடிச் சுற்றுவார்.

அப்படி வந்த ஒரு தாளில்தான் டிசம்பர் நடுவில் ஓரிரவு நட்சத்திரங்கள் மழைபோல விழும் என்று போட்டிருந்தது. மேல் மூலையில் இருந்த திகதியை நான் எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு, இது போன வருடத்துப் பேப்பர் என்று அக்காவைக் கேலி செய்தேன்.

அவள் அசரவில்லை. "வருசா வருசம் இதே நாளுலதான் வருமாம் பாப்பா. பூமி சுத்திட்டு அதே எடத்துக்குத் திரும்ப வருதுல்ல. நம்ம பஸ்ஸாவது பிந்தும், பூமி பிந்தாது."

பேப்பரில் போட்டிருந்த நாள் வந்தது. அன்று மாலை அப்பா தொழிற்சாலையில் இரவு வேலைக்குப் புறப்படுமுன் ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டுக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்தில் நின்று, இன்றிரவு வானத்தில் ஒரு விசேஷம் இருக்கிறது, தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு மலைமேல் கல்லுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று கேட்டாள். அப்பா "ம்" என்றார். என் காதால் கேட்டேன். எதற்குத் தலையாட்டினோம் என்று அவருக்குத் தெரியவில்லை என்பதும், மகள் கேட்பதைக் காதில் வாங்குவது ஒரு வேலையாக அவருக்குத் தோன்றவில்லை என்பதும் எனக்குப் பிற்பாடு புரிந்தவை.

அம்மா தூங்கிய பிறகு புறப்பட்டோம். அட்டை ஏறாமலிருக்கக் கால்களில் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டோம். அம்மா கொழுந்தெடுக்கப் போகையில் போட்டுக்கொள்ளும் கம்பளியை இருவரும் சேர்ந்து போர்த்திக்கொண்டோம். அதில் மழையும் தேயிலைப் பாலும் ஊறிய மணம் இருந்தது. ஆணியில் தொங்கிய அப்பாவின் டோர்ச்சை அக்கா எடுத்துக்கொண்டாள். பிடியில் சிவப்புத் துணி சுற்றிய பழைய டோர்ச், தட்டினால்தான் எரியும்.

தேயிலை முடிந்து மானாப்புல் தொடங்கும் இடத்தில் அந்தக் கல் கிடந்தது. நேர் கீழே, பள்ளத்தில், தொழிற்சாலை. மாலையில் பெய்த மழை வானத்தைக் கழுவிவிட்டிருந்தது. கல்லின் குளிர் பாவாடைக்குள் ஏறியது. கொழுந்து வாட்டும் மாடியிலிருந்து பச்சை வாடை காற்றோடு மேலே வந்துகொண்டிருந்தது. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பேப்பர்காரன் ஏமாற்றிவிட்டான் என்று நான் சிணுங்கத் தொடங்கிய நேரத்தில், ஒரு வெள்ளைக் கீறல் எங்கள் தலைக்கு மேலே பாதி வானத்தை அறுத்துக்கொண்டு போனது.

உடனே எனக்கு அம்மாவின் பேச்சு ஞாபகம் வந்துவிட்டது. பச்சையைத் தேடினேன். மலை முழுவதும் தேயிலை. ஆனால் இருட்டில் ஓர் இலைகூடப் பச்சையாக இல்லை. எல்லாம் கறுப்பு. புத்தி மழுங்கிவிடும் என்று பயந்து அழுதேன்.

அக்கா சிரித்தாள். கல்லிலிருந்து இறங்கி, கைக்கெட்டிய செடியில் ஒரு கொழுந்தைக் கிள்ளிவந்து என் உள்ளங்கையில் வைத்தாள். டோர்ச்சைத் தட்டி, அந்த இலையின் மேல் அடித்தாள். "இந்தா, பச்ச. நல்லாப் பாத்துக்க."

அதன் பிறகு அதுவே எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. ஒரு நட்சத்திரம் விழும், டோர்ச் எரியும், இரண்டு தலைகளும் குனிந்து ஓர் இலையைப் பார்க்கும், டோர்ச் அணையும். பேட்டரி தீர்ந்துவிடக் கூடாதென்று உடனுக்குடன் அணைத்தாள். நேரமாக ஆக நட்சத்திரங்கள் சோடி சோடியாக வந்தன. ஒன்றை மனம் நிறைய ரசித்து முடிக்கும் முன்னால் அடுத்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. அதற்குப் பிறகு நான் கண்ட எந்த மகிழ்ச்சியையும் அந்தக் கல்லின் பக்கத்தில் வைத்துத்தான் அளந்து பார்க்கிறேன்.

நீயும் எதற்குக் குனிந்து பார்க்கிறாய், நீதான் இதையெல்லாம் நம்பமாட்டாயே என்று அவளைக் கேட்டேன்.

"நா நம்பலடி. அம்மா நம்புதுல்ல. வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு இருக்கு. நாளைக்கி வெளக்கு வைக்கிற வரைக்கும் நீயும் மூச்சு விடக் கூடாது, சரியா?"

சரி என்று அவள் தலையிலடித்துச் சத்தியம் செய்தேன்.

கீழே நடந்தது நான் பலர் சொல்லக் கேட்டுச் சேர்த்தது. தொழிற்சாலையில் தேத்தண்ணிக்கு விட்ட நேரம். முற்றத்தில் நின்ற ஒருவன், மேலே மலைக் கல்லில் ஒரு வெளிச்சம் எரிந்து எரிந்து அணைவதைக் கண்டான். எல்லோரும் வந்து பார்த்தார்கள். ஒருவரும் வானத்தைப் பார்க்கவில்லை. முதலில் பேசியவர் எங்கள் அப்பா.

"எவளோ எவனுக்கோ சிக்னல் குடுக்குறாப்பா. பதில் வராமலே பேட்டரி தீந்துரப் போகுது. யாராச்சும் ஒரு நல்ல மனுசன் போயிப் பதில் சொல்லிட்டு வாங்க."

முற்றமே சிரித்தது. அது யார் வீட்டுப் பெண்ணாக இருக்கும் என்று வரிசையாக ஒவ்வொரு வீட்டையும் சொல்லிச் சிரித்தார்கள். அப்பாவும் இரண்டு வீடுகளைச் சொன்னார். அங்கே கங்காணியாக இருந்த பெரியப்பா, அப்பாவின் அண்ணன், வேடிக்கை பார்க்கலாமென்று லாந்தரோடு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு மலையேறினார்.

நாங்கள் இறங்கிக்கொண்டிருந்தோம். லாந்தர் உயர்ந்தது. பெரியப்பா அக்காவின் முகத்தைப் பார்த்தார். அவள் கையிலிருந்த டோர்ச்சின் சிவப்புத் துணியைப் பார்த்தார். கூட வந்தவர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பில் எங்கள் வீட்டு மானம் போய்விட்டது என்று பெரியப்பா முடிவு செய்தார். குறுக்குப் பாதையில் எங்களை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். தொழிற்சாலை முற்றம் வழியாகவே கூட்டிப் போனார்.

அப்பா எங்களைக் கண்டபோது அவர் முகத்தில் பாதிச் சிரிப்பு மிச்சமிருந்தது. அது இறங்கியதை நான் பார்த்தேன். அக்காவுக்கு நேர்ந்த அத்தனைக்கும் காரணம் அந்தச் சிரிப்பை அவரால் திரும்ப எடுக்க முடியாமல் போனதுதான். தான் சொன்ன கேலி தன் மகளைப் பற்றியது என்று ஆனபிறகு, அந்தக் கேலி உண்மையாக இருந்தாக வேண்டியிருந்தது அவருக்கு. பொய்யென்றால் அவர் முட்டாளாகிவிடுவார். முட்டாளாவதைவிட, கெட்டுப்போன மகளுக்குத் தகப்பனாக இருப்பது ஓர் ஆணுக்கு எளிதாக இருந்திருக்கிறது.

காலையில் விசாரணை. அடுப்படியில் அம்மா வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஊதுகுழலோடு உட்கார்ந்திருந்தாள். அப்பா கதவை மறித்து நின்றார். பெரியப்பா பெட்டியின் மேல் கால்போட்டு அமர்ந்திருந்தார். கல்லுக்கு எதற்குப் போனாய், யாருக்கு வெளிச்சம் அடித்தாய், யார் அவன். மூன்று கேள்விகளையும் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். அக்கா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் விரல்களில் தேயிலைக் கறை காயாமலிருந்தது. கடைசியில் மெதுவாகச் சொன்னாள்.

"சாயந்தரம் சொல்றேன்ப்பா."

பெரியப்பா தொடையைத் தட்டினார். "கேட்டியாடா? சாயந்தரம் வரைக்கும் டைம் கேக்குறா. அதுக்குள்ள அவன் எம்பிலிப்பிட்டிய பஸ்ஸுல ஏறிப் போயிருவான்ல?"

அந்த 'சாயந்தரம்' என்ற சொல் விழுந்தபோது அம்மா தலையை நிமிர்த்தி அக்காவைப் பார்த்தாள். பிறகு குனிந்து அடுப்பை ஊதினாள். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பார்த்ததன் பொருள் எனக்கு நாற்பது வருடங்களுக்குப் பிறகுதான் கிடைத்தது.

என்னையும் கேட்டார்கள். சத்தியம் செய்திருந்தேன். காவலுக்குச் சின்னதையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள், என்ன சாமர்த்தியம் பார் என்று பெரியப்பாவே அதற்குப் பதிலும் சொல்லிக்கொண்டார்.

மத்தியானத்துக்குள் எல்லாம் முடிவாகிவிட்டது. பாடசாலை நிற்க வேண்டும். கொழுந்தெடுக்கும் வேலைக்குப் பேர் பதிய வேண்டும். தெரணியகலைப் பக்கத்தில் பெரியம்மாவின் உறவில் பெண்டாட்டி இறந்துபோன ஒருவர் இருக்கிறார். தையோ மாசியோ காரியத்தை முடித்துவிட வேண்டும். இதையெல்லாம் அவள் முன்னாலேயே பேசினார்கள், மாட்டைப் பற்றிப் பேசுவதுபோல.

அம்மா விளக்கு வைத்தாள். திரி நிமிர்ந்து எரியும் வரையில் காத்திருந்துவிட்டு அக்கா வாய் திறந்தாள். சீனி சுற்றி வந்த பேப்பர், விழுந்த நட்சத்திரங்கள், இலை, டோர்ச், எல்லாவற்றையும் சொன்னாள். நானும் சொன்னேன். "நேத்து அக்கா கேட்டதுக்கு நீங்க 'ம்'ன்னீங்கப்பா" என்றும் சொன்னேன். அப்பா சுவரைப் பார்த்தார்.

பெரியப்பாதான் பேசினார். "பகல் முழுக்க யோசிச்சிருக்காடா. சின்னதுக்கும் நல்லாத்தான் பாடம் சொல்லிக் குடுத்திருக்கா. படிச்ச புள்ளைல்ல."

அக்கா அழவில்லை. அப்பாவை மட்டும் பார்த்துக் கேட்டாள். "இன்னிக்கி ராத்திரியும் கொஞ்சம் விழும்ப்பா. இஸ்தோப்புல நின்னாலே தெரியும். வந்து ஒருக்காப் பாருங்க."

சாட்சி தலைக்கு மேலே இருந்தது. தலையை நிமிர்த்தினால் போதும். அன்றிரவும் அப்பா வேலைக்குப் போனார். இடைவேளையில் ஆண்கள் எல்லோரும் தகரக் கூரைக்குள்ளேயே இருந்து தேத்தண்ணி குடித்தார்களாம். முற்றத்துக்கு ஒருவரும் வரவில்லையாம். நான் வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றேன். வேலிக்கு மேலே விழுந்ததை நான் கண்டேன். பச்சையைத் தேடவில்லை.

பஸ்ஸில் ஏறி இறங்கும் வாய்களின் வழியாகக் கதை டவுனுக்குப் போனது. மறுநாள் நானா, கடையை மூடிவிட்டு, குடையை ஊன்றிக்கொண்டு லயத்துக்கு ஏறிவந்தார். அவர் அங்கே வந்தது அந்த ஒரு தடவைதான். உட்காரவில்லை.

"தம்பி, அந்தப் பேப்பர் என்ட கடை பேப்பர். நான்தான் சீனி சுத்திக் குடுத்த. புள்ள அத வாசிச்சிட்டு வானத்தப் பாக்கப் போயிரிக்கி. இதுல என்ன குத்தம் இரிக்கி? பரீட்சைய மட்டும் எழுத உடுங்க."

அப்பா வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா, "இது எங்க குடும்ப விசயம் நானா. நீங்க ஒங்க கடையப் பாருங்க" என்றார். அம்மா கொண்டுவந்த தேத்தண்ணியை நானா தொடவில்லை. போகும்போது என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை வந்தது. பரீட்சை தொடங்கிய அதே காலையில் அக்காவின் பேரைப் பதிந்தார்கள். எனக்குப் பாடசாலை விடுமுறை. அம்மா கொடுத்த தேத்தண்ணிப் போத்தலோடு மலைக்குப் போனேன். இடுப்பில் தடித்த சாக்குப் படங்கைக் கட்டி, முதுகில் கூடையோடு, பெண்கள் நிரையின் ஓரத்தில் அக்கா நின்றாள். கீழே வளைவில் டவுன் பஸ் ஹோர்ன் அடித்தது. அது அவள் ஏறும் பஸ். அவள் கை செடியின் மேல் அப்படியே நின்றது. பஸ் அடுத்த வளைவிலும் அடித்தது. பிறகு அதற்கடுத்த வளைவில், சிறிதாக. "கையி எங்க, கண்ணு எங்க?" என்று கங்காணி ஒருவர் சத்தம் போட்டார். கை மறுபடி அசைந்தது. அவளுடைய பரீட்சை அனுமதி அட்டை வீட்டில் சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்தது. அது அங்கேயே கறையான் அரித்துப் போயிற்று.

தையில் தம்பி பிறந்தான். நல்ல எடை, நல்ல குரல். அக்காவின் வெள்ளைச் சீருடைகளை அம்மா சதுரம் சதுரமாகக் கிழித்து அவனுக்குத் துணியாக்கினாள். பலமுறை துவைத்து மெதுவாகிப்போன துணி குழந்தைக்கு நல்லதாம். கொடியில் அவை வரிசையாகக் காய்ந்தன. அக்காதான் அவற்றைத் தோய்த்தாள், மாசியில் கல்யாணமாகிப் போகும் வரை.

போகுமுன் அப்பாவிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "தங்கச்சிய நிப்பாட்டிறாதீங்க." இந்தத் தடவை அவர் காதில் வாங்கினார். நான் படித்தேன், ஆசிரியையானேன், புத்தகங்களோடு வாழ்ந்தேன். அப்பா இறந்த வீட்டில் பேசிய எல்லோரும், இந்த லயத்தில் முதன்முதலாக ஒரு பொம்பளைப் பிள்ளையைப் படிக்க வைத்த பெரிய மனம் என்று அவரைப் புகழ்ந்தார்கள். அப்படிப் பேசியவர்களுக்கு அக்கா தட்டில் தேத்தண்ணி நீட்டிக்கொண்டிருந்தாள். ஒருவர் அவளிடம் சீனி போதாது என்றார். நான் எழுந்து பேசப் போனேன். அக்கா என் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

அம்மா கடைசியில் என் வீட்டில்தான் இருந்தாள். ஒரு பிற்பகல், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள், நான் கேட்காமலே சொன்னாள்.

"'சாயந்தரம் சொல்றேன்'னாளே, அப்பவே எனக்குத் தெரிஞ்சிருச்சி. நட்சத்திரம் பாத்துட்டு வந்திருக்கான்னு. என் வயித்துப் புள்ளைக்காகத்தான் வாயக் கட்டிக்கிட்டு நின்னா."

அப்படியானால் விளக்கு வைத்த பிறகாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"அதுக்குள்ள லயமே பேசிருச்சே. ஒங்க பெரியப்பா வாக்குக் குடுத்துட்டாரு. நா என்னத்தச் சொல்ல? புள்ள நல்லாப் பொறந்தாப் போதும்னு இருந்துட்டேன்."

அம்மாவை நான் கடைசி வரையில் குறைவில்லாமல் பார்த்தேன். தலை வாரிவிட்டேன், சோறு ஊட்டினேன். மன்னிக்கவில்லை. பாசத்தையும் கோபத்தையும் ஒரே கையால் செய்ய முடியும் என்பதை அவளிடமிருந்தே கற்றிருந்தேன்.

அம்மா சொன்னதை நான் அக்காவிடம் சொன்னேனா என்று கேட்பீர்கள். சொன்னேன். தெரணியகலையில் அவள் வீட்டு வாசலில் வைத்துச் சொன்னேன். தனக்கும் அன்றைக்கே தெரியும் என்றாள் அவள். அம்மா அடுப்பை ஊதியபோதே தெரியும் என்றாள். பிறகு நட்சத்திரங்களை எப்போதாவது பார்த்தாயா என்று கேட்டேன்.

"வருசா வருசம் பாக்குறேன்டி. அந்த மனுசன் தூங்குன பொறகு பின்னுக்கு வந்து நிப்பேன். லைட் மட்டும் அடிக்கிறதில்ல."

அப்பா இல்லை. பெரியப்பா தொண்ணூறு வயது வரை மரியாதையோடு இருந்துவிட்டுப் போனார். அம்மா இல்லை. நானாவின் கடையில் இப்போது அவருடைய பேரன் கைத்தொலைபேசி விற்கிறான். அக்கா போன வருடம், மார்கழிக்கு முன்பே, நெஞ்சுவலி என்று சொன்ன அன்றே போய்விட்டாள். அந்தச் சாவு வீட்டில் தம்பிதான் எல்லாக் காரியத்தையும் முன்னின்று செய்தான். கொழும்பில் பெரிய உத்தியோகத்தில் இருக்கிறான்; நல்லவன். அக்கா ஏன் படிக்கவில்லை என்று அவன் பிள்ளைகள் கேட்டபோது, அந்தக் காலத்தில் அப்படித்தான் என்று பதில் சொன்னான். அவனுக்குத் தெரியாது. யாரும் அவனுக்குச் சொன்னதில்லை. இதை அவனுக்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன்.

அந்தக் குடும்பத்தில் இப்போது அவனும் நானும் மட்டுமே இருக்கிறோம்.